தொலைக்காட்சிப் பெட்டி கற்பிக்கும் பாடம்

அன்னிய முதலீடு நாட்டுக்கு நல்லதா, கெட்டதா? 1991-ஆம் ஆண்டு தொடங்கி, தலைநகரில் நம் தமிழர் நான்கு பேர் கூடும் இடத்திலெல்லாம் எழும் கேள்வி இது. பொங்கல் விழாப் பட்டிமன்றமானாலும் சரி, கரோல் பாக்கிலோ ராமகிருஷ்ணபுரத்திலோ மாலை நடையின்போது எழும் வாக்குவாதமானாலும் சரி, அணிகள் இரண்டுதான். 'பன்னாட்டு நிறுவனங்கள் வந்தால் வேலை வரும், தொழில்நுட்பம் வரும், நாடு முன்னேறும்' என்பது ஓர் அணி. 'கிழக்கிந்தியக் கம்பெனி மறுபடி வருகிறது, விழித்துக்கொள்வோம்' என்பது மற்றோர் அணி. நடுவர் எப்போதும்போல் இரு தரப்பிலும் நியாயம் உண்டு என்று சொல்லித் தீர்ப்பை முடித்துவிடுவார். நாமும் கைதட்டிவிட்டு வீடு திரும்புவோம்.

இந்த விவாதத்தில் ஒரு செய்தி விடுபட்டுப் போகிறது. அன்னிய நிறுவனம் ஒன்று இங்கே ஆலை கட்டுமா, அல்லது கடை மட்டும் திறக்குமா என்பதை அந்த நிறுவனத்தின் நல்லெண்ணமோ கெட்ட எண்ணமோ தீர்மானிப்பதில்லை. நம் நாட்டின் சுங்கவரியும், அண்டை நாடுகளோடு நாம் செய்துகொள்ளும் வர்த்தக ஒப்பந்தங்களுமே தீர்மானிக்கின்றன. முதலீட்டைப் பற்றித் தனியாகவும் வர்த்தக ஒப்பந்தத்தைப் பற்றித் தனியாகவும் பேசிக்கொண்டிருந்தால் இரண்டுமே விளங்காது. இதைப் புரிந்துகொள்ளப் பெரிய பொருளாதார நூல்களைப் புரட்ட வேண்டியதில்லை. நம் வீட்டுக் கூடத்தில் இருக்கும் தொலைக்காட்சிப் பெட்டியின் வரலாற்றைப் பார்த்தாலே போதும்.

வேலிக்குள் விளைந்த பயிர்

1982-இல் தில்லியில் ஆசிய விளையாட்டுப் போட்டிகள் நடந்தபோதுதான் இந்தியாவில் வண்ணத் தொலைக்காட்சி பரவத் தொடங்கியது. ஞாயிற்றுக்கிழமை பிற்பகல் மாநில மொழிப் படங்களின் வரிசையில் தமிழ்ப் படத்தின் முறை எப்போது வரும் என்று காத்திருந்த தலைமுறைக்கு அந்தப் பெட்டிகளின் பெயர்கள் மறந்திருக்காது. டயனோரா, சாலிடேர் இரண்டும் சென்னையில் பிறந்தவை. வெஸ்டன், ஒனிடா, பீபிஎல் என்று இன்னும் பல. ஏறத்தாழ எல்லாமே இந்திய நிறுவனங்கள்.

இது எப்படிச் சாத்தியமாயிற்று? உயர்ந்த சுங்கவரி என்னும் வேலி ஒரு காரணம். உரிமம் இல்லாமல் தொழில் தொடங்க முடியாது என்ற கட்டுப்பாடு இன்னொரு காரணம். 1973-ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டம் பெரும்பாலான தொழில்களில் அன்னியப் பங்கை 40 சதவீதத்துக்குள் நிறுத்தியது. அதை ஏற்க மறுத்துத்தான் 1970-களின் இறுதியில் கோக-கோலாவும் ஐ.பி.எம்.மும் நாட்டைவிட்டு வெளியேறின.

வேலிக்குள் விளைந்த பயிர் செழிப்பாக இருந்தது என்று சொல்ல மாட்டேன். விலை அதிகம், தரம் சுமார், வாங்கிய பெட்டிக்குப் பழுது பார்ப்பவர் நிரந்தர விருந்தாளி. பாகங்களில் பல வெளிநாட்டிலிருந்தே வந்தன. இங்கே நடந்தது பெரும்பாலும் பூட்டும் வேலை. ஆனாலும் அந்தப் பூட்டும் வேலை சென்னையிலும் தில்லியிலும் ஆயிரக்கணக்கான குடும்பங்களுக்குச் சோறு போட்டது என்பதையும் மறுப்பதற்கில்லை.

வேலி தாண்டி வந்தவர்கள்

1991 ஜூலை 24 அன்று புதிய தொழிற்கொள்கை வெளியாயிற்று. முன்னுரிமைத் தொழில்கள் 34-இல் 51 சதவீதம் வரை அன்னிய முதலீட்டுக்குத் தானாகவே அனுமதி என்றார்கள். ஆனால் கதவைத் திறந்த அதே வேளையில் வேலியை முழுவதும் பிடுங்கிவிடவில்லை. சுங்கவரி குறையத் தொடங்கியது என்றாலும், வெளியிலிருந்து முழுப்பெட்டியாகக் கொண்டுவந்து விற்பது இன்னும் கட்டுப்படியாகாத நிலையே இருந்தது. இந்தச் சந்தையில் விற்க வேண்டுமானால் இங்கே வந்து ஆலை கட்டியாக வேண்டும்.

அதனால்தான் 1990-களின் நடுவிலும் பிற்பகுதியிலும் ஜப்பானிய, கொரிய நிறுவனங்கள் தில்லியைச் சுற்றி வந்து இறங்கின. சோனி அரியானாவின் தாருஹேராவிலும், சாம்சங் நொய்டாவிலும், எல்.ஜி. கிரேட்டர் நொய்டாவிலும் ஆலை அமைத்தன. நம் பிள்ளைகளில் பாலிடெக்னிக் படித்தவர்கள் பலர் இந்தப் பக்கம் ரயிலேறியதும் இந்தக் காலத்தில்தான். இந்த ஆலைகள் நமக்கு உபகாரம் செய்ய வந்தவை அல்ல. வேலியைத் தாண்டிக் குதித்தவை. பொருளாதார அறிஞர்களும் இத்தகைய முதலீட்டை ஏறக்குறைய இதே பொருளில்தான் அழைக்கிறார்கள்.

வேலியைத் தாண்டுவதற்காக ஒருவன் உள்ளே வந்திருக்கிறான் என்றால், வேலி இல்லாமல் போகும் நாளில் அவன் ஏன் உள்ளே இருக்க வேண்டும்? இந்தக் கேள்வியை அன்று பெரும்பாலோர் கேட்கவில்லை. விடை 2004-இல் வந்தது.

தாய்லாந்து வழியாக வந்த பெட்டி

2003 அக்டோபரில் இந்தியாவும் தாய்லாந்தும் ஒரு சட்டக ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டன. முழு ஒப்பந்தம் பிறகு பார்த்துக்கொள்ளலாம், முதலில் 82 பொருள்களுக்கு மட்டும் வரியைக் குறைப்போம் என்று முடிவாயிற்று. 2004 செப்டம்பர் 1-இல் தொடங்கி, படிப்படியாக இரண்டே ஆண்டுகளில் அந்த வரி பூஜ்யமாக வேண்டும். 82 என்பது சிறிய பட்டியல்தானே என்று தோன்றும். ஆனால் வண்ணத் தொலைக்காட்சிப் பெட்டி, படக்குழாய், குளிர்சாதனக் கருவி ஆகியவை அதில் இருந்தன. ஜப்பானிய நிறுவனங்கள் ஏற்கெனவே பெரிய ஆலைகள் கட்டி வைத்திருந்த நாடு தாய்லாந்து.

விளைவு உடனே தெரிந்தது. சோனி நிறுவனம் 2004-லேயே தாருஹேராவில் தொலைக்காட்சி உற்பத்தியை நிறுத்திக்கொண்டது. தாய்லாந்து ஆலையிலிருந்து பெட்டிகளைக் கொண்டுவந்து இங்கே விற்கலாயிற்று. நிறுவனம் நாட்டைவிட்டுப் போகவில்லை, விளம்பரம் குறையவில்லை, கடைகள் கூடின. ஆலை மட்டும் போயிற்று.

இதில் சோனியைக் குறை சொல்லிப் பயனில்லை. கணக்கைப் பாருங்கள். ஒரு பெட்டியின் விலை 10,000 ரூபாய் என்று வைத்துக்கொள்வோம். அதில் 6,000 ரூபாய்க்கான பாகங்கள் வெளிநாட்டிலிருந்து வர வேண்டும், அந்தப் பாகங்களுக்கு 10 சதவீதம் வரி என்றும் கொள்வோம். இந்தியாவில் பெட்டி செய்பவர் 600 ரூபாய் வரியைக் கட்டிவிட்டுத்தான் முதல் திருகையே முடுக்க முடியும். தாய்லாந்தில் முழுதும் செய்யப்பட்ட பெட்டிக்கு இங்கே வரி எதுவும் இல்லை. போட்டி தொடங்குமுன்பே நம் ஊர் ஆலை 600 ரூபாய் பின்தங்கிவிட்டது. (இவை விளக்கத்துக்காக நான் எடுத்துக்கொண்ட எண்கள்; தத்துவம் மட்டும் உண்மையானது.) மாவுக்கு வரி, இட்லிக்கு வரியில்லை என்றால் யார் வீட்டில் அடுப்பு மூட்டுவார்கள்? தலைகீழ் வரி அமைப்பு என்று இதைத்தான் சொல்கிறார்கள்.

நியாயத்துக்காக மறுபக்கத்தையும் சொல்ல வேண்டும். வாங்குபவர்களுக்கு விலை இறங்கியது. குளிர்சாதனக் கருவி நடுத்தர வீட்டுக்கு வந்ததும் இதனால்தான் ஓரளவு. படக்குழாய் ஆலைகள் பின்னால் மூடப்பட்டதற்குத் தாய்லாந்து மட்டும் காரணமல்ல. தட்டைத் திரை வந்ததும் படக்குழாயின் ஆயுள் உலகெங்கும் முடிந்தது. ஆகவே ஒப்பந்தம் எல்லாவற்றையும் கெடுத்தது என்று புலம்புவதில் அர்த்தமில்லை. யாருக்கு ஆதாயம், யாருக்கு இழப்பு, இழந்தவருக்கு என்ன ஏற்பாடு என்பதை முன்கூட்டியே எண்ணிப் பார்க்கவில்லை என்பதுதான் என் குற்றச்சாட்டு.

பொருள் எந்த ஊர்ப் பொருள்?

வட்டார ஒப்பந்தங்களில் இன்னொரு சூட்சுமம் இருக்கிறது. ஒரு நாட்டுக்கு மட்டும் வரிச்சலுகை கொடுத்தால், மற்ற நாட்டுப் பொருள்களும் அந்த நாட்டின் சட்டையை மாட்டிக்கொண்டு வந்துவிடும். அதைத் தடுக்கவே ஒவ்வோர் ஒப்பந்தத்திலும், பொருள் எந்த நாட்டில் விளைந்தது என்பதை வரையறுக்கும் விதி ஒன்று சேர்க்கப்படுகிறது.

இதற்குச் சரியான எடுத்துக்காட்டு இந்திய-இலங்கை தடையற்ற வர்த்தக ஒப்பந்தம். 1998 டிசம்பரில் கையெழுத்தாகி 2000 மார்ச்சில் நடைமுறைக்கு வந்தது. பொருளின் மதிப்பில் 35 சதவீதம் இலங்கையில் கூட்டப்பட்டிருந்தால் சலுகை உண்டு என்பது விதி. அப்போது பாமாயிலுக்கு இந்தியாவில் வரி மிக அதிகம், இலங்கையில் குறைவு. இந்த இடைவெளியைக் கண்டவர்கள் யார் என்று நினைக்கிறீர்கள்? நம் இந்திய முதலாளிகள்தாம்! இலங்கைக்குப் போய் வனஸ்பதி ஆலைகள் கட்டினார்கள். மலேசியாவிலும் இந்தோனேசியாவிலும் விளைந்த பாமாயில் கொழும்பில் வந்து இறங்கி, வனஸ்பதியாக மாறி, வரியில்லாமல் இந்தியாவுக்குள் நுழைந்தது. இங்குள்ள வனஸ்பதி ஆலைகள் கூச்சலிட்டன. கடைசியில் 2006-இல் ஆண்டுக்கு இரண்டரை லட்சம் டன் என்று உச்சவரம்பு கட்டினார்கள். அதை நம்பி இலங்கையில் எழுந்த ஆலைகள் தடுமாறின. அங்கே வேலைக்குச் சேர்ந்தவர்களின் கதி என்ன ஆயிற்று என்று இங்கே எவரும் கேட்கவில்லை.

இந்தக் கதையில் அன்னிய முதலீட்டாளர் நாம். கெட்டிக்காரத்தனமும் நம்முடையது, கடைசியில் விதியை மாற்றியதும் நாமே. முதலீடு என்றாலே வெள்ளைக்காரன் நம்மைச் சுரண்டுவது என்று மட்டும் நினைப்பவர்கள் இதையும் கணக்கில் சேர்த்துக்கொள்ள வேண்டும். பணத்துக்கு ஊரும் இல்லை, உறவும் இல்லை. இரண்டு வரிகளுக்கு நடுவே எங்கே இடைவெளி இருக்கிறதோ அங்கே அது போய் நிற்கும்.

இதற்குப் பின்னும் நாம் பாடம் படித்தோமா? 2009 ஆகஸ்டில் தென்கிழக்காசிய நாடுகளின் கூட்டமைப்பான ஆசியானோடு சரக்கு ஒப்பந்தம் செய்தோம். 2010 ஜனவரி முதல் அது நடைமுறைக்கு வந்தது. ரப்பர், மிளகு, தேங்காய் விவசாயிகள் பாதிக்கப்படுவார்கள் என்று 2009 அக்டோபர் 2 அன்று கேரளத்தில் மனிதச் சங்கிலி அமைத்தார்கள். 2010-11-இல் ஆசியானோடு நம் வர்த்தகப் பற்றாக்குறை சுமார் 500 கோடி டாலர். 2022-23-இல் அது 4,300 கோடி டாலரைத் தாண்டியது. பற்றாக்குறை முழுவதும் நஷ்டம் என்று சொல்ல முடியாது; இந்தோனேசிய நிலக்கரி நம் மின்நிலையங்களில் எரிகிறது, பாமாயில் நம் அடுப்படிக்கு வருகிறது. ஆனால் மூன்றாம் நாட்டுச் சரக்கு ஆசியான் முத்திரையோடு வருகிறது என்ற புகார் ஓயவில்லை. மூலச் சான்றைச் சுங்கத்துறை நேரடியாக விசாரிக்கும் கடுமையான விதிகள் 2020 செப்டம்பரில்தான் வந்தன. ஒப்பந்தத்தை மறுஆய்வு செய்யலாம் என்று இரு தரப்பும் இசைந்தது 2023-இல். பத்தாண்டுக்கு மேல் பால் குடித்த பிறகுதான் பூனையைத் தேடினோம்.

போனதும் வந்ததும்

தொலைக்காட்சிப் பெட்டிக்கே திரும்புவோம். பதினோராண்டு இடைவெளிக்குப் பிறகு, 2015-இல் சோனி மறுபடியும் இந்தியாவில் பெட்டி செய்யத் தொடங்கியது. இம்முறை தாருஹேரா இல்லை, நம் ஸ்ரீபெரும்புதூர். அதுவும் சொந்த ஆலையில்லை. பாக்ஸ்கான் குழுமத்தின் ஆலையில் கூலிக்குச் செய்து வாங்கும் ஏற்பாடு. மகிழ்ச்சிதான். ஆனால் அதே ஸ்ரீபெரும்புதூரில் பெட்டி செய்துகொண்டிருந்த சாம்சங், 2018-இல் அதை நிறுத்திவிட்டு வியட்நாமுக்கு மாற்றியது. காரணம்? அந்த ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தொலைக்காட்சியின் திரைத்தகட்டுக்கு வரி போட்டார்கள். வியட்நாம் ஆசியான் உறுப்பு நாடு; அங்கிருந்து வரும் முழுப்பெட்டிக்கு வரி இல்லை. 2004-இல் செய்த அதே தவறு, அதே மாவு, அதே இட்லி! 2019 செப்டம்பரில் அந்த வரியை நீக்கினார்கள். 2020 ஜூலையில் தொலைக்காட்சி இறக்குமதிக்கே உரிமம் தேவை என்றார்கள். சாம்சங் மறுபடி உள்நாட்டில் பெட்டி வாங்க ஏற்பாடு செய்துகொண்டது.

ஒவ்வொரு முறையும் நிறுவனம் தன் கணக்கைச் சரிசெய்துகொள்கிறது. இடம் மாறுகிறது, ஏற்பாடு மாறுகிறது, லாபம் தொடர்கிறது. ஆலையில் நின்ற தொழிலாளிக்கு அந்த வசதி உண்டா? தாருஹேராவில் வேலை இழந்தவர் தாய்லாந்துக்குப் போய் அதே வேலையைக் கேட்க முடியுமா? பணம் எல்லை தாண்டலாம், பெட்டி எல்லை தாண்டலாம், உழைப்பவன் மட்டும் இருந்த இடத்தில் இருக்க வேண்டும் என்பதுதான் இந்த ஒப்பந்தங்களின் எழுதாத விதி. பிழைப்புக்காக ஊர் விட்டு ஊர் வந்த நமக்கு இதன் கனம் மற்றவர்களைவிட நன்றாகப் புரிய வேண்டும்.

மேசையில் யாருக்கு நாற்காலி?

ஒப்பந்தம் பேசப்படும்போது தொழிலதிபர் சங்கங்கள் கருத்துச் சொல்கின்றன. முதலீட்டாளருக்கோ அதற்கும் மேலே ஒரு பாதுகாப்பு இருந்தது. 1990-கள் முதல் நாம் பல நாடுகளோடு முதலீட்டுப் பாதுகாப்பு உடன்படிக்கைகள் செய்தோம். அவற்றின்படி அன்னிய முதலீட்டாளர், நம் நீதிமன்றங்களைத் தாண்டி, பன்னாட்டு நடுவர் மன்றத்தில் இந்திய அரசையே எதிர்வாதியாக நிறுத்தலாம். கோல் இந்தியாவோடு தகராறு இருந்த ஓர் ஆஸ்திரேலியச் சுரங்க நிறுவனம், நம் நீதிமன்றங்களின் தாமதத்தையே காரணம் காட்டி 2011-இல் வென்றது. அதன் பிறகுதான் அரசு விழித்துக்கொண்டு, 2015-இல் புதிய மாதிரி உடன்படிக்கையை வகுத்து, ஐம்பதுக்கும் மேற்பட்ட பழைய உடன்படிக்கைகளை முடித்துக்கொள்ள அறிவிப்பு அனுப்பியது.

தொழிலாளிக்கு இப்படி எந்த மன்றமும் இல்லை. நோக்கியாவை நினைத்துப் பாருங்கள். 2006-இல் ஸ்ரீபெரும்புதூரில் உற்பத்தி தொடங்கியது. உச்சத்தில் ஏறத்தாழ எட்டாயிரம் பேருக்கு நேரடி வேலை; அவர்களில் பலர் கிராமத்து இளம்பெண்கள், தம் குடும்பத்தில் முதன்முதலாக மாதச் சம்பளம் வாங்கியவர்கள். நோக்கியாவின் கைபேசித் தொழிலை மைக்ரோசாஃப்ட் வாங்கியபோது, வரித் தகராறு காரணமாக இந்த ஆலை மட்டும் கைமாறவில்லை. 2014 நவம்பர் 1-இல் மூடப்பட்டது. அரசும் நிறுவனமும் வரிக் கணக்கைப் பிறகு பேசித் தீர்த்துக்கொள்ளலாம். அந்தப் பெண்களின் இருபது வயதை யார் திருப்பித் தருவார்கள்?

முதலீட்டைப் பிடித்து வைக்க மாநிலங்கள் போட்டி போடுவதில் இன்னொரு ஆபத்தும் இருக்கிறது. 2023 ஏப்ரலில் தமிழகச் சட்டமன்றத்தில் 12 மணி நேர வேலைக்கு வழி செய்யும் மசோதா நிறைவேறியது. தொழிற்சங்கங்களும் கூட்டணிக் கட்சிகளுமே எதிர்த்ததால் மே தினத்தன்று அது திரும்பப் பெறப்பட்டது. 2024-இல் சாம்சங்கின் ஸ்ரீபெரும்புதூர் ஆலையில் ஆயிரத்துக்கும் மேற்பட்டோர் ஒரு மாதத்துக்கு மேல் வேலைநிறுத்தம் செய்தார்கள். சங்கத்தைப் பதிவு செய்து அங்கீகரிக்க வேண்டும் என்பது அவர்களின் முக்கியக் கோரிக்கைகளில் ஒன்று. நூறாண்டுக்கு முன்பே, 1918-இல், சென்னையில் தொழிற்சங்கம் கண்ட மண் இது.

நாடாளுமன்றத்துக்காவது நாற்காலி உண்டா என்றால் அதுவும் இல்லை. நம் அரசமைப்பின்படி வெளிநாட்டு ஒப்பந்தம் செய்வது மத்திய அரசின் நிர்வாக அதிகாரம். நாடாளுமன்ற ஒப்புதல் கட்டாயமில்லை. சுங்கச் சட்டத்தின் 25-ஆவது பிரிவின் கீழ் ஓர் அறிவிக்கை வெளியிட்டால் வரிச்சலுகை அமலுக்கு வந்துவிடும். வேளாண்மை மாநிலப் பட்டியலில் இருக்கிறது; ஆனால் மிளகுக்கும் தேயிலைக்கும் வரி குறைப்பதற்கு மாநிலத்தின் சம்மதம் தேவையில்லை. உத்யோக் பவனில் கோப்பு எழுதி ஓய்வுபெற்ற நம்மவர்களைக் கேட்டால் இதை இன்னும் விளக்கமாகச் சொல்வார்கள்.

விலகியிருப்பது விடையா?

'அப்படியானால் எந்த ஒப்பந்தமும் வேண்டாம்' என்று சிலர் சொல்லக்கூடும். அதையும் செய்து பார்த்தோம். சீனா, ஜப்பான், கொரியா, ஆஸ்திரேலியா, நியூசிலாந்து, ஆசியான் நாடுகள் எல்லாம் அடங்கிய பெரிய வட்டாரக் கூட்டு ஒப்பந்தத்துக்கு ஏழாண்டு பேச்சு நடத்திவிட்டு, 2019 நவம்பர் 4 அன்று பாங்காக்கில் இந்தியா விலகிக்கொண்டது. அந்த முடிவு சரி என்பதே என் கருத்து. அந்தப் பதினைந்து நாடுகளில் பதினொன்றோடு நமக்குப் பற்றாக்குறை. நியூசிலாந்துப் பால்பவுடர் வந்தால் இரண்டு மாடு வைத்துப் பிழைக்கும் வீட்டுப் பெண்ணுக்கு என்ன பதில் சொல்வது? ஆனால் மற்ற பதினைந்து நாடுகள் நமக்காகக் காத்திருக்கவில்லை. 2020-இல் கையெழுத்திட்டு 2022 ஜனவரியில் தொடங்கிவிட்டார்கள். ஓர் ஆலையின் பாகங்கள் நான்கு நாடுகளிலிருந்து வர வேண்டிய இந்தக் காலத்தில், அந்த நான்குக்கும் இடையே வரி இல்லாத இடத்தில்தான் முதலீட்டாளர் நிற்க விரும்புவார். வியட்நாம் அதனால்தான் வளர்கிறது. வெளியே நிற்பதற்கும் விலை உண்டு.

இந்த நிலையில் கவனிக்கத்தக்க ஒன்று, சுவிட்சர்லாந்து, நார்வே, ஐஸ்லாந்து, லீக்டன்ஸ்டைன் ஆகிய நான்கு நாடுகளோடு 2024 மார்ச்சில் செய்து 2025 அக்டோபர் 1-இல் நடைமுறைக்கு வந்த ஒப்பந்தம். பதினைந்து ஆண்டுகளில் 10,000 கோடி டாலர் முதலீடு, பத்து லட்சம் நேரடி வேலை என்பது அதில் குறிக்கோளாக எழுதப்பட்டிருக்கிறது. பங்குச்சந்தைக்கு வந்து போகும் பணம் இதில் சேராது. முதலீடு வராவிட்டால், கலந்து பேசிய பிறகு வரிச்சலுகையைக் குறைத்துக்கொள்ள நமக்கு வழி இருக்கிறது. வரிச்சலுகையையும் முதலீட்டையும் ஒரே கயிற்றில் கட்டிய முயற்சி இது. கயிறு எவ்வளவு உறுதி என்பதைக் காலம்தான் சொல்ல வேண்டும். ஆனாலும் கேட்க வேண்டியதைக் கேட்டிருக்கிறார்கள். 2003-இல் தாய்லாந்தோடு பேசியபோது இது யாருக்கும் தோன்றவில்லை.

நாம் கேட்க வேண்டியவை

அன்பர்களே, பட்டிமன்றத் தலைப்பை மாற்றுவோம். முதலீடு வேண்டுமா வேண்டாமா என்பதை விட்டுவிட்டு, எந்த நிபந்தனையில் என்று கேட்போம். என் சிற்றறிவுக்கு எட்டிய மூன்றைச் சொல்கிறேன்.

முதலாவது, எந்த வர்த்தக ஒப்பந்தமும் கையெழுத்தாகும் முன் நாடாளுமன்றத்தில் வைக்கப்பட வேண்டும். வேளாண்மை தொடர்பானவை சம்பந்தப்பட்ட மாநிலங்களின் கருத்தைப் பெற வேண்டும். பேச்சின் இரகசியம் கெடும் என்பார்கள். யாருக்கு இரகசியம்? ஆலை முதலாளிக்குத் தெரிந்தது அவையில் அமரும் உறுப்பினருக்குத் தெரியக் கூடாதா?

இரண்டாவது, ஒப்பந்தத்தில் முழுப்பொருளுக்கு வரி நீங்கும் அதே நாளில் அதன் பாகங்களுக்கும் வரி நீங்க வேண்டும். இதற்குப் புதிய சட்டம் தேவையில்லை. வர்த்தக அமைச்சகமும் நிதியமைச்சகமும் ஒன்றோடொன்று பேசிக்கொண்டால் போதும்.

மூன்றாவது, நிலம், மின்சாரம், வரி என்று அரசிடம் சலுகை பெறும் ஒவ்வோர் ஆலையும், ஒருவேளை மூடப்பட்டால் தொழிலாளர்க்குத் தருவதற்கென ஒரு பங்கை முதலிலேயே வைப்புநிதியாகக் கட்ட வேண்டும். சலுகை கொடுத்தது பொதுப்பணம். அது போகும்போது வெறுங்கையோடு தொழிலாளியை விட்டுப் போகக் கூடாது.

இதெல்லாம் நமக்கென்ன என்று எண்ண வேண்டாம். முன்பு தமிழகத்திலிருந்து தில்லிக்கும் மும்பைக்கும் வேலை தேடி வந்தவர்கள் நாம். இன்று பீகாரிலிருந்தும் ஒடிசாவிலிருந்தும் ஜார்க்கண்டிலிருந்தும் இளைஞர்கள் ஸ்ரீபெரும்புதூருக்கும் திருப்பூருக்கும் ரயிலேறுகிறார்கள். நாம் இங்கே இந்தி தெரியாமல் பட்ட பாட்டை அவர்கள் அங்கே தமிழ் தெரியாமல் படுகிறார்கள். எந்த நாட்டோடு எந்தப் பொருளுக்கு எத்தனை சதவீதம் வரி என்று தில்லியில் எழுதப்படும் ஒரு வரி, அந்தப் பிள்ளைகள் அடுத்த ஆண்டும் அதே ஊரில் இருப்பார்களா, மறுபடி பெட்டி கட்டுவார்களா என்பதைத் தீர்மானிக்கிறது. பெட்டி கட்டிப் பழகிய குடும்பங்கள் நம்முடையவை. அவர்களுக்காகக் குரல் கொடுக்க நம்மைவிடத் தகுதியானவர் யார்?